மெமரி ஒதுக்கும் இடத்தில் கெர்னல் விழுகிறது என்றால், தப்பு யாருடையது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "64 பிட் லினக்ஸ் சர்வர் ஒன்று நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கிராஷ் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் பேக்டிரேஸின் (விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) உச்சியில் இருப்பது மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்கள்தான். ஆனால் அப்போது ஓடிக்கொண்டிருந்த புராசஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் கருவி) ஓட்டினோம், பிழை எதுவும் வரவில்லை. கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, புதுப்பித்தும் நிற்கவில்லை. கெர்னலின் மெமரி மேனேஜ்மென்டில்தான் பக் என்று முடிவு கட்டலாமா?"

முடிவு கட்ட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மெமரி ஒதுக்கும் கோடு (நிரல்) இங்கே அடி வாங்கியவர். அடித்தவர் வேறு யாரோ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, கெர்னல் கிராஷ்களில் அது தினசரி நடக்கும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களில் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஓடும் கோடு அது. அதில் எல்லோரையும் விட்டுவிட்டு உங்களை மட்டும் நான்கு நாளுக்கு ஒருமுறை கவிழ்க்கும் பக் இருப்பது சாத்தியம்தான், ஆனால் சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். முன்னால் நிற்பவர்கள் மூன்று பேர்: பழுதான ரேம், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் ஏதோ ஒரு டிரைவர், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் டிஎம்ஏ வழியாக (பிராசஸரைத் தாண்டி நேராக ரேமில்) எழுதும் ஏதோ ஒரு கார்டு.

ஏன் எப்போதும் அலோகேட்டரிலேயே (மெமரி ஒதுக்கும் பகுதியிலேயே) விழுகிறது என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடுவது நல்லது. அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இன்றைய லினக்ஸில் சின்னச் சின்ன ஆப்ஜெக்டுகளை (நினைவகத் துண்டுகளை) ஒதுக்குவது ஸ்லப் என்ற பகுதி. ஒரே அளவுள்ள ஆப்ஜெக்டுகளை ஒரு பேஜில் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்து வைக்கும் அலகு) வரிசையாக அடுக்கி வைக்கும். அப்படி அடுக்கியது ஸ்லாப், ஒரே வகை ஸ்லாப்களின் தொகுப்பு கேஷ். காலியாக இருக்கும் ஆப்ஜெக்டுகளின் பட்டியலை அது தனியாக எங்கும் எழுதி வைப்பதில்லை. காலியான ஆப்ஜெக்டுக்குள்ளேயே, அடுத்த காலி ஆப்ஜெக்ட் எங்கே என்ற பாயிண்டரை (முகவரியை) எழுதிவிடும். யாரும் பயன்படுத்தாத இடம்தானே, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற சிக்கனம்.

இப்போது ஒரு டிரைவர் 64 பைட் ஆப்ஜெக்ட் ஒன்றை விடுவித்துவிட்டு, அதன் பாயிண்டரைத் தன் கையிலேயே வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரம் கழித்து ஒரு டைமர் அடிக்கிறது, டிரைவர் அந்தப் பழைய இடத்தில் எதையோ எழுதுகிறது. எழுதிய இடம், ஸ்லப் வைத்திருந்த அந்த 'அடுத்தது' பாயிண்டரின் மேல். அந்த நொடியில் எதுவும் நடக்காது. அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு புராசஸ், ஃபைல் திறப்பதற்காக 64 பைட் கேட்கிறது. ஸ்லப் அந்த ஆப்ஜெக்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குள் இருந்த குப்பை முகவரியைப் பட்டியலின் தலையில் வைக்கிறது. இன்னமும் ஒன்றும் ஆகாது. அதற்கும் அடுத்து 64 பைட் கேட்பவர் வரும்போதுதான், ஸ்லப் அந்தக் குப்பை முகவரியைப் போய்ப் படிக்கிறது, கெர்னல் விழுகிறது. பேக்டிரேஸில் பதிவாவது அந்தக் கடைசி அப்பாவியின் பெயர். எழுதிய டிரைவர் எங்கோ நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் கிராஷ்களில் புராசஸ் பெயர் மாறிக்கொண்டே இருப்பதற்கும், உச்சியில் அலோகேட்டர் மட்டும் மாறாமல் நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதனால் பேக்டிரேஸை மட்டும் வெட்டி ஒட்டி "இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. பார்க்க வேண்டியது, கெட்டுப்போன இடத்தில் என்ன இருந்தது என்பதை.

அதற்கு முதலில் சாட்சியம் வேண்டும். கிராஷ் ஆனதும் ரீபூட் செய்துவிட்டு லாக் ஃபைலைத் தேடினால் பெரும்பாலும் கடைசி வரிகள் டிஸ்க்குக்கே போயிருக்காது. கேடம்ப் அமைத்துக்கொள்ளுங்கள். பூட்டின்போதே கொஞ்சம் நினைவகத்தைத் தனியாக ஒதுக்கி வைத்து (256 எம்பி பல சர்வர்களுக்குப் போதும், பெரிய மெஷின் என்றால் கூட்ட வேண்டியிருக்கும்), முதல் கெர்னல் செத்தவுடன் அந்த இடத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்றை எழுப்பி, செத்ததின் நினைவகம் முழுவதையும் ஃபைலாக எடுத்து வைக்கும் ஏற்பாடு இது. அமைத்த பிறகு ஒருமுறை வேண்டுமென்றே கிராஷ் செய்து, டம்ப் உண்மையில் விழுகிறதா என்று பாருங்கள். சிஸ்ஆர்கியூ டிரிகர் ஃபைலில் சின்ன 'சி' ஒன்றை எழுதினால் கெர்னல் உடனே விழும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டு, மூன்று வாரம் காத்திருந்து நிஜ கிராஷ் வந்தபோது டம்ப் காலியாக இருந்ததைப் பார்த்தவன் நான். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

டம்பின் அளவைக் குறைக்க மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி சில வகைப் பேஜ்களை விட்டுவிடும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கும் நிலை 31. அதில் காலிப் பேஜ்களும் விடுபட்டுப்போகும். நினைவகம் கெட்டுப்போகும் சிக்கலைத் தேடும்போது, விடுவித்த பேஜில் யார் எழுதினார்கள் என்பதே கேள்வியாக இருக்கலாம். அதனால் 15 என்று வையுங்கள், காலிப் பேஜ்களும் உள்ளே வந்துவிடும். ஃபைல் பெரிதாகும், பரவாயில்லை.

இன்னொன்று: ஊப்ஸ் வந்தாலே பேனிக் ஆகும்படி (கெர்னல் முழுவதும் நின்றுவிடும்படி) சிஸ்டத்தை அமையுங்கள். ஊப்ஸ் என்பது கெர்னலுக்குள் ஒரு தவறு நடந்து, அந்தப் புராசஸை மட்டும் கொன்றுவிட்டு மற்றபடி ஓட முயலும் நிலை. இயல்பாக விட்டால், கெட்டுப்போன நினைவகத்தோடு மெஷின் தொடர்ந்து ஓடும். இரண்டாவது, மூன்றாவது ஊப்ஸ் வரும். கடைசியில் பேனிக் ஆகும்போது திரையில் நிற்பது முதல் காயத்தின் எதிரொலிகள் மட்டுமே. எப்போதும் முதல் ஊப்ஸைத்தான் படிக்க வேண்டும். அது முதலாவதுதானா என்று தெரிந்துகொள்ள ஊப்ஸ் செய்தியில் 'டெயின்டட்' என்ற வரியைப் பாருங்கள், கெர்னல் 'கறைபட்ட' காரணங்களை அது எழுத்துகளாகக் காட்டும். அதில் 'டி' (ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்து) இருந்தால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் ஆகிவிட்டது, லாக்கில் மேலே போய்த் தேட வேண்டும். 'பி' பெரிய எழுத்தில் இரண்டு வகை உண்டு, தமிழில் எழுதினால் ஒன்றுபோல் தெரியும்: ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து என்றால் கெட்டுப்போன பேஜ் ஒன்றைக் கெர்னல் ஏற்கெனவே பார்த்திருக்கிறது, பதினாறாம் எழுத்து என்றால் மூலநிரல் திறக்கப்படாத மாட்யூல் (டிரைவர் போன்று கெர்னலில் தனியாகச் சேர்க்கும் துண்டு) ஏற்றப்பட்டிருக்கிறது. 'எம்' இருந்தால் பிராசஸரே வன்பொருள் பிழையை அறிவித்திருக்கிறது. அதைப் பார்த்தால் மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு நேராக வன்பொருளுக்குப் போகலாம். 'ஓ' என்றால் கெர்னலின் அதிகாரபூர்வ மூலநிரல் மரத்துக்கு வெளியே கட்டிய மாட்யூல் இருக்கிறது. என் அனுபவத்தில் விசாரணையைத் தொடங்க நல்ல இடம் அதுதான்.

சரி, டம்ப் கையில் வந்துவிட்டது. இப்போது முகவரியைப் படிக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் ஓர் எண்ணைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

தவறு நடந்த முகவரி 0000000000000028 என்பதுபோல் மிகச் சிறியதாக இருந்தால், அது வெற்றுப் பாயிண்டர். ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை) 28 என்றால் 40. ஏதோ ஒரு ஸ்டிரக்டில் (பல உறுப்புகள் சேர்ந்த தரவுத் தொகுப்பு) 40ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பைப் படிக்கப் போனார்கள், ஆனால் ஸ்டிரக்டின் பாயிண்டரே பூஜ்யம். இது நேர்மையான கிராஷ். பெரும்பாலும் விழுந்த ஃபங்ஷனிலோ அதை அழைத்தவரிடமோதான் தவறு இருக்கும். அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

முகவரியோ ரெஜிஸ்டரோ (பிராசஸர் கையில் வைத்திருக்கும் மதிப்பு) எழுத்துகள்போல் இருந்தால் கதை வேறு. 7473657474736574 என்று ஒரு பாயிண்டர் தெரிந்தால், இரண்டிரண்டு இலக்கமாகப் பின்னாலிருந்து படியுங்கள்: 74, 65, 73, 74, மறுபடி 74, 65, 73, 74. ஆஸ்கியில் இது 'டெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் இரண்டு முறை. பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோ தன் பஃபரின் எல்லையைத் தாண்டி எழுதியிருக்கிறார்கள். சரத்தில் இருப்பது எந்த வார்த்தை என்று பார்த்தாலே எழுதியவரின் முகவரி பாதி கிடைத்துவிடும். இதேபோல் 0800 4500 என்ற பைட்டுகள் வரிசையாகத் தெரிந்தால், அது ஈதர்நெட் தலைப்பின் முடிவும் ஐபி தலைப்பின் தொடக்கமும். நெட்வொர்க் பாக்கெட் ஒன்று வரக்கூடாத இடத்தில் வந்து விழுந்திருக்கிறது.

இவ்வகை எண்கள் பேஜ் ஃபால்ட்டாக (இல்லாத பேஜைத் தொட்ட தவறாக) வராமல் 'ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்' என்ற பெயரில் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 64 பிட் எக்ஸ்86 பிராசஸரில் முகவரியின் மேல் பிட்டுகள் எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் ஒன்றாகவோ இருக்க வேண்டும். கலந்து இருந்தால் அது முகவரியே இல்லை என்று பிராசஸர் மறுத்துவிடும்.

கெர்னலே வேண்டுமென்று வைக்கும் அடையாள எண்களும் உண்டு. பட்டியலிலிருந்து நீக்கிய உறுப்பின் பாயிண்டர்களில் டி, இ, ஏ, டி என்ற நான்கு ஹெக்ஸ் எழுத்துகளில் தொடங்கும் எண்ணை எழுதிவிடும். ஆங்கிலத்தில் 'செத்தது' என்று வாசிக்கலாம். ரெஜிஸ்டரில் அதைப் பார்த்தால், நீக்கிய உறுப்பை யாரோ மறுபடி நீக்கவோ தொடரவோ பார்த்திருக்கிறார்கள். ஸ்லப்பின் நச்சுப் பைட்டுகளை இயக்கியிருந்தால், விடுவித்த ஆப்ஜெக்ட் முழுவதும் 6பி என்ற பைட்டால் நிரம்பியிருக்கும், கடைசிப் பைட் மட்டும் ஏ5. ஆக 6பி6பி6பி6பி என்று ஒரு பாயிண்டர் தெரிந்தால், விடுவித்த பிறகு படித்திருக்கிறார்கள் என்பது உறுதி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். விடுவித்த ஆப்ஜெக்டில் எல்லாம் 6பி, ஒரே ஒரு பைட் மட்டும் 6ஏ என்று ஸ்லப் புகார் சொல்கிறது. என்ன நடந்திருக்கும்? இரண்டு சாத்தியங்கள். ஒன்று, விடுவித்த ஆப்ஜெக்டில் இருந்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) யாரோ ஒன்று குறைத்திருக்கிறார்கள். 6பி-யில் ஒன்று போனால் 6ஏ. இன்னொன்று, ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கிறது. 6பி என்பது 01101011, 6ஏ என்பது 01101010, வித்தியாசம் ஒரே பிட். ஒற்றை டம்பை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. இதுவே 6சி என்று இருந்தால் குழப்பம் இல்லை, ஏனென்றால் 01101100 ஆக மாற மூன்று பிட்டுகள் ஒரே நேரத்தில் புரள வேண்டும். ரேம் அப்படிச் செய்வது அரிது, கோடு ஒன்றைக் கூட்டினால் இயல்பாக நடக்கும். 6ஏ வந்தால் அடுத்த டம்புக்குக் காத்திருங்கள். அதே வகை ஆப்ஜெக்டில் அதே இடத்தில் மறுபடி 6ஏ வந்தால், ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைத் தவறாகக் குறைக்கும் கோடு எங்கோ இருக்கிறது. வேறு ஆப்ஜெக்டில், வேறு இடத்தில், வேறு பிட் புரண்டிருந்தால் ரேம்.

ஒற்றைப் பிட் புரண்டதை அடையாளம் காண இன்னொரு வழியும் சொல்கிறேன். பூஜ்யமாக இருக்க வேண்டிய பாயிண்டரில் 0000000000200000 என்று இருந்தால், அதில் ஒன்றாக இருப்பது ஒரே பிட். எந்த நிரலும் இப்படி ஒரு மதிப்பைப் பாயிண்டரில் வைக்கக் காரணம் இல்லை. பேஜ் டேபிளில் (முகவரிகளை ரேமின் இடங்களோடு இணைக்கும் அட்டவணை) இது இன்னும் விசித்திரமாக வெளிப்படும். காலியான பேஜ் டேபிள் பதிவு என்பது முழுப் பூஜ்யம். அதில் ஒரு பிட் புரண்டால், பூஜ்யம் இல்லை, பேஜும் இல்லை. ஆகவே இது ஸ்வாப்பில் (ரேமுக்குப் பதில் டிஸ்க்கில்) போட்டு வைத்த பேஜ்தான் என்று கெர்னல் நினைத்துக்கொள்ளும். அந்த ஸ்வாப் இடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல், 'பேட் ஸ்வாப் ஃபைல் என்ட்ரி' என்று லாக்கில் எழுதும். ஸ்வாப்பே அமைக்காத மெஷினிலும் இந்த வரி வரும்! பார்த்தவர்கள் ஸ்வாப் பார்ட்டிஷனைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவார்கள். டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. கூடவே வரும் 'பேட் பேஜ் மேப்' செய்தியில் உள்ள பேஜ் டேபிள் பதிவை எடுத்துப் பிட் பிட்டாக எழுதிப் பாருங்கள். ஒன்றாக இருப்பது ஒரே பிட் என்றால் ரேம் ஸ்டிக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 'பேட் பேஜ் ஸ்டேட்' என்ற செய்தியிலும் இதே கணக்குப் போடலாம்.

இதையெல்லாம் ஒரே டம்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். குறைந்தது மூன்று டம்பாவது சேரட்டும். ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: கெட்டுப்போன இடத்தின் பௌதிக முகவரி (ரேமில் அது உண்மையில் இருக்கும் இடம்), எந்த அளவு ஸ்லாப் கேஷ், ஆப்ஜெக்டுக்குள் எத்தனையாவது பைட், அங்கே இருந்த மதிப்பு. பௌதிக முகவரி ஒரே வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ரேம். பௌதிக முகவரி அலைந்து திரிகிறது, ஆனால் எப்போதும் 64 பைட் கேஷ், எப்போதும் 16ஆவது பைட் என்றால் மென்பொருள். ரேமுக்கு ஸ்டிரக்டின் உறுப்புகள் தெரியாது, டிரைவருக்குப் பௌதிக முகவரி பொருட்டில்லை. இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் நான் பெரும்பாலான வழக்குகளைப் பிரித்திருக்கிறேன்.

பார்ப்பதற்கு 'கிராஷ்' என்ற பெயரிலேயே உள்ள கருவி போதும். டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸ் ஃபைல் (கம்பைல் செய்த கெர்னல்), செத்த கெர்னலின் அதே கட்டமைப்பாக இருக்க வேண்டும். ஓர் எண் தள்ளியிருந்தாலும் எல்லாம் உளறலாகத் தெரியும். உள்ளே போய் 'பிடி' என்று அடித்தால் பேக்டிரேஸ், 'கேமெம்' கட்டளைக்கு ஒரு முகவரியைக் கொடுத்தால் அது எந்த ஸ்லாப்பின் எந்த ஆப்ஜெக்ட் என்று சொல்லும், 'ஆர்டி' கொடுத்தால் அந்த இடத்தின் பைட்டுகளை அப்படியே காட்டும். கெட்ட ஆப்ஜெக்டை மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதற்கு முந்தைய ஆப்ஜெக்டையும் பாருங்கள். எல்லை தாண்டி எழுதியவர் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. பல டிஸ்ட்ரோக்களில் ஸ்லப்பின் ஃப்ரீலிஸ்ட் (காலி ஆப்ஜெக்டுகளின் பட்டியல்) கடினப்படுத்தப்பட்டிருக்கும். அதாவது 'அடுத்தது' பாயிண்டரை ஒரு ரகசிய எண்ணோடு கலந்து எழுதி, படிக்கும்போது பிரிப்பார்கள். அப்போது மேலே யாராவது எதையாவது எழுதிவிட்டால், பிரித்து வரும் மதிப்பு முழுக் குப்பையாக இருக்கும். ரெஜிஸ்டரில் உள்ள எண்ணை உற்றுப் பார்த்துப் பயன் இல்லை. ஆப்ஜெக்டுக்குள்ளே பச்சையாக என்ன எழுதியிருக்கிறது என்பதை டம்பிலிருந்து படிக்க வேண்டும்.

இப்போது உங்கள் மெம்டெஸ்ட் விஷயம். ஓர் இரவு ஓடிப் பிழை காட்டினால் ரேமிலோ அது சார்ந்த வன்பொருளிலோ கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். காட்டவில்லை என்றால் ரேம் நல்லது என்று ஆகிவிடாது. சோதனையின்போது டிஸ்க், நெட்வொர்க், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் சும்மா இருக்கும். மின்சுமையும் வெப்பமும் நிஜ வேலையின்போது இருப்பதுபோல் இருக்காது. பயாஸில் ரேமின் வேகத்தை எக்ஸ்எம்பி போன்ற அமைப்பால் உயர்த்தியிருந்தால், முதலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண வேகத்தில் ஒரு வாரம் ஓட விடுங்கள். இசிசி ரேம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: ஒரு பிட் பிழையைத் தானே திருத்தி, எண்ணி வைத்திருக்கும். இடாக் என்ற துணைக்கட்டமைப்பு அந்த எண்ணிக்கையை ஸ்டிக் வாரியாகக் காட்டும். ராஸ்டீமன் ஓட விட்டால் தேதியோடு பதிவாகும். திருத்திய பிழைகள் ஒரே ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போனால், அதைக் கழற்றுவதற்குக் கிராஷ் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இசிசி இல்லை என்றால் பழைய வழிதான்: பாதி ஸ்டிக்குகளைக் கழற்றி ஓட்டுங்கள், அப்புறம் மறுபாதியை.

தாளில் எழுதியது மென்பொருளைக் காட்டினால், கையும் களவுமாகப் பிடிக்கும் கருவிகள் லினக்ஸிலேயே இருக்கின்றன. முதல் படி, ஸ்லப் டீபக் என்ற பூட் அளவுரு. அதில் எஃப், இசட், பி, யூ என்ற நான்கு எழுத்துகளைக் கொடுத்தால் முறையே சரிபார்ப்பு, ஆப்ஜெக்டைச் சுற்றிச் சிவப்பு வேலி, நச்சுப் பைட்டுகள், யார் ஒதுக்கியது யார் விடுவித்தது என்ற பதிவு ஆகிய நான்கும் வேலை செய்யும். கெர்னலை மறுபடி கட்ட வேண்டாம், ரீபூட் போதும். சந்தேகப்படும் கேஷுக்கு மட்டும் கொடுத்தால் வேகமும் அதிகம் குறையாது. கூடவே ஸ்லாப்கள் ஒன்றோடொன்று சேராமல் இருக்கும் அளவுருவையும் கொடுங்கள். இயல்பாக ஒரே அளவுள்ள கேஷ்களைக் கெர்னல் இணைத்துவிடும். அதனால் ஒரு ஃபைல் சிஸ்டத்தின் ஆப்ஜெக்டும் ஒரு யூஎஸ்பி டிரைவரின் ஆப்ஜெக்டும் ஒரே பேஜில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். பிரித்து வைத்தால், கெடுப்பவர் தன் சொந்த வீட்டையே கெடுத்து மாட்டிக்கொள்வார்.

ஸ்லப் டீபக்கின் குறை, தவறு நடந்த பிறகுதான் கண்டுபிடிக்கும். எழுதும் அந்தக் கணத்திலேயே பிடிக்க வேண்டும் என்றால் கேசான். 2015இல் வெளியான 4.0 கெர்னலில் சேர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்து, கம்பைலர் ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் அந்த நிழலைச் சோதிக்கும் கோடைச் செருகிவிடும். விடுவித்த ஆப்ஜெக்டுகளை உடனே மறுபயன்பாட்டுக்குக் கொடுக்காமல் கொஞ்ச காலம் தனிமைப்படுத்தியும் வைக்கும். பிடித்தால் மூன்று பேக்டிரேஸ் தரும்: இப்போது தொட்டவர், முன்பு ஒதுக்கியவர், விடுவித்தவர். அதற்கு மேல் என்ன வேண்டும்! ஆனால் கெர்னலைத் தனியாகக் கட்ட வேண்டும், நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போய்விடும், வேகமும் நன்றாகவே குறையும். சோதனை மெஷினில் கிராஷை வரவழைக்க முடிந்தால் இதுவே முதல் தேர்வு.

உங்களுடையது நான்கைந்து நாளுக்கு ஒருமுறை வரும் கிராஷ், அதுவும் வேலையில் இருக்கும் சர்வர். அதற்குக் கேஃபென்ஸ் பொருந்தும். 5.12 கெர்னலில், 2021இல் வந்தது. எல்லா ஒதுக்கீட்டையும் காவல் காக்காமல், இயல்பாக 100 மில்லிநொடிக்கு ஒன்றை மட்டும் எடுத்து, இருபுறமும் காவல் பேஜ் (தொட்டாலே பிடிபடும் பேஜ்) வைத்த தனி இடத்தில் உட்கார வைக்கும். இயல்பான 255 ஆப்ஜெக்டுகளுக்கு மொத்தமே சுமார் 2 எம்பிதான் செலவு. ஒரே மெஷினில் பிடிபட நாளாகும். ஆனால் அதே மாதிரிச் சர்வர்கள் ஐம்பது இருந்தால் எல்லாவற்றிலும் இயக்கி விடுங்கள், ஏதோ ஒன்றில் சிக்கும். பல டிஸ்ட்ரோ கெர்னல்களில் இது ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும், பூட்டில் இடைவெளியைக் கொடுத்தால் போதும்.

எழுதும் கணத்தில் இவை எதுவுமே பார்க்காத ஒருவர் இருக்கிறார்: டிஎம்ஏ. கேசான் சோதிப்பது பிராசஸர் ஓட்டும் கோடை. நெட்வொர்க் கார்டு நேராக ரேமில் எழுதினால் அதற்குத் தெரியவே தெரியாது. நான் ஒருமுறை ஏறக்குறைய ஒரு மாதம் மாட்டிக்கொண்டது இப்படித்தான். கேசான் மௌனம், ரேம் மாற்றியாயிற்று, கிராஷ் நிற்கவில்லை. கடைசியில் கெட்டுப்போன பேஜை 'ஆர்டி' போட்டுப் பார்த்தபோது பேஜின் தொடக்கத்திலிருந்தே சீராக ஒரு பாக்கெட் படுத்திருந்தது. டிரைவர், கார்டை நிறுத்துவதற்கு முன்பே அதன் பஃபர்களை விடுவித்துவிட்டது. கார்டு தன் கையிலிருந்த பழைய முகவரிக்குப் பாக்கெட்டை எழுதிக்கொண்டே இருந்தது. ஐஓஎம்எம்யூ-வை (சாதனங்கள் ரேமில் எங்கே எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) கண்டிப்பான முறையில் இயக்கியதும் அடுத்த தடவை கிராஷ் வரவில்லை, அதற்குப் பதில் எந்தச் சாதனம் எந்த முகவரியில் எழுத முயன்று தடுக்கப்பட்டது என்று லாக்கில் ஒரு வரி வந்தது. கண்டிப்பான முறை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சோம்பல் முறையில் விடுவித்த முகவரிகளைத் தொகுப்பாகச் சேர்த்து வைத்து, பிறகுதான் அடைப்பார்கள். இடையில் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் கார்டு எழுதிவிட முடியும்.

ஸ்டேக் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) நிரம்பி வழிவதும் முன்பெல்லாம் இதே மாதிரி மர்மக் கிராஷாக வரும். 64 பிட் எக்ஸ்86இல் கெர்னல் ஸ்டேக் 16 கேபி மட்டுமே. 4.9 முதல் ஸ்டேக்கின் கீழே காவல் பேஜ் வைக்கும் வசதி வந்துவிட்டது, இப்போது வழிந்தால் அந்த இடத்திலேயே தெளிவான செய்தியோடு விழும். அப்புறம், நினைவகம் தீர்ந்துபோய் ஓஓஎம் கில்லர் புராசஸ்களைக் கொல்வது கிராஷ் கணக்கில் சேராது. இயல்பான அமைப்பில், கொல்வதற்கு யாருமே மிச்சமில்லை என்றால்தான் பேனிக் ஆகும். அப்போது லாக்கில் நினைவகக் கணக்கு முழுதும் வந்திருக்கும். அதில் திரும்பப் பெற முடியாத ஸ்லாப் பெரிதாக வீங்கியிருந்தால், கெர்னலுக்குள் கசிவு. அது வேறு வழக்கு.

விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஓரிரு வார்த்தை. நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற பெயரோடு வரும் 1ஏ எண்ணைப் பார்த்து, அதே தவறான முடிவுக்குத்தான் பலரும் வருகிறார்கள். அந்தப் பெயர் சொல்வது விழுந்த இடத்தை மட்டுமே. முதல் அளவுரு 41792 என்றால் பேஜ் டேபிள் பதிவு ஒன்று கெட்டிருக்கிறது. இரண்டாவது அளவுரு அதன் முகவரி, அடுத்த இரண்டும் அதன் உள்ளடக்கம். உள்ளடக்கத்தில் ஒரே பிட் ஒன்றாக இருந்தால், மேலே சொன்ன ஸ்வாப் கதையேதான். டிரைவர் சந்தேகம் என்றால் டிரைவர் வெரிஃபையரில் ஸ்பெஷல் பூலை இயக்கி, வெளியார் டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பூட் ஆகாமல் போனால் சேஃப் மோடில் போய் அதை அணைக்கத் தெரிந்து வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

உங்கள் வழக்குக்குத் திரும்புவோம். இன்றே கேடம்ப் அமைத்துச் சோதியுங்கள், ஊப்ஸில் பேனிக் ஆக வையுங்கள், ரேம் வேகத்தை இயல்புக்குக் கொண்டுவாருங்கள், இப்போதிருக்கும் லாக்கில் 'டெயின்டட்' வரியில் 'ஓ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த மாட்யூல் இல்லாமல் இரண்டு வாரம் ஓட்ட முடியுமா என்று பாருங்கள். உங்கள் கிராஷ் நான்கைந்து நாளுக்கு ஒன்று என்பதால் இரண்டு வாரம் அமைதியாகப் போனால் அதை ஓரளவு நம்பலாம். மூன்று நாள் அமைதிக்குப் பொருளே இல்லை. ஒரே நேரத்தில் ஸ்லப் டீபக்கையும் மாட்டி, ஸ்டிக்கையும் மாற்றி, கெர்னலையும் புதுப்பித்துவிடாதீர்கள். கிராஷ் நின்றால் எதனால் நின்றது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் டம்ப் வந்ததும் அந்த ஆப்ஜெக்டைச் சுற்றி முன்னும் பின்னும் 256 பைட், கேஷின் பெயர், பௌதிக முகவரி, முழு ஊப்ஸ், டெயின்டட் வரியோடு அனுப்புங்கள். பேக்டிரேஸை மட்டும் அனுப்பினால் என்னாலும் ஊகிக்கத்தான் முடியும்.